பல்கலைக்கழகமும் பிரதேச சபையும் சேர்ந்தால் லயத்துக்கு என்ன வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், படித்தது பேராதனையில். படிப்பு முடிந்ததிலிருந்து ஆய்வுக் குழுக்களோடு லயம் லயமாக, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, போய், தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. குடிபெயர்வு, சமூக ஒருங்கிணைப்பு ஆகியவற்றில் பல்கலைக்கழகங்களும் உள்ளூராட்சி சபைகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இப்போது நிறையப் பேச்சு அடிபடுகிறது. தோட்டத்து ஆட்கள், சபை உறுப்பினர்கள், மாணவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இது என்ன கூட்டு?

ஒரு பிரதேசத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கிருந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே ஐந்தாறு தலைமுறையாக இருந்தும் இன்னும் "வந்தவர்கள்" என்றே பார்க்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் எப்படி வாழ்கிறார்கள், எங்கே இடிக்கிறது என்பதைப் பல்கலைக்கழகம் ஆராய்கிறது. கண்டுபிடித்ததை வைத்துச் சபை தன் வேலையைத் திருத்திக்கொள்கிறது. இதை இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதுதான் கூட்டு.

சபையிடம் ரோடு, தண்ணீர், நூலகம், குப்பை, மயானம், சந்தை எல்லாம் இருக்கின்றன. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் அதற்கு ஆள் இருக்கிறது, ஆனால் ஒரு தெருவிளக்கைக்கூடப் போட அதற்கு அதிகாரம் இல்லை. அதனால்தான் ஒன்றுக்கொன்று தேவைப்படுகிறது.

குடிபெயர்வு என்றால் வெளிநாட்டுக்குப் போவதுதானே? அதற்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு தடவை ஒரு ஆய்வுக் குழுவோடு மஸ்கெலியாப் பக்கம் ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். படிவத்தில் ஒரு கேள்வி: "உங்கள் குடும்பத்தில் யாராவது குடிபெயர்ந்திருக்கிறார்களா?" காம்பராவில், அதாவது அந்த லயத்து வீட்டில், இருந்தது ஓர் அம்மாயியும் (பாட்டி) இரண்டு பேரப்பிள்ளைகளும்தான். "அப்படியெல்லாம் யாரும் இல்ல பாப்பா" என்றார். மாணவர் "இல்லை" என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டார். அப்புறம் தேநீர் வந்தது. நான் சும்மா, "அம்மாயி, ஒங்க ஆளுங்க எல்லாம் எங்கெங்க இருக்காங்க?" என்று கேட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டு போனார். "அண்ணன் கோத்தகிரியில, கப்பல்ல போனவரு, அங்கயும் தேயிலதான். தங்கச்சி குடும்பம் கிளிநொச்சி, கலவரத்துல போனது. மக குவைத்துல. பேரன் கொழும்புல கடையில நிக்கிறான்."

நாலு திசை. படிவத்தில் பூச்சியம்.

மலையகத்தில் குடிபெயர்வைப் பேச வேண்டும் என்றால் 1820களில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து வந்த சனம் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தது. அந்த 200 வருஷத்தை நினைத்துத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தச் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் பார்த்தது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். போனவர்களில் நிறையப் பேர் நீலகிரியில் திரும்பவும் தேயிலையிலேயே போய் நின்றார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் இன்னொரு கூட்டம். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் இன்றைய கதை வருகிறது: வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்கும் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் போகிற இளையவர்கள், மண்சரிவுக்குப் பிறகு வேறு இடத்தில் குடியேற்றப்பட்டவர்கள். நல்ல ஆய்வு என்றால் அம்மாயி அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சொன்னதைப் பிடிக்கிற மாதிரி கேள்வியை அமைக்க வேண்டும். அதற்குக் கேள்வி எழுதும் மேசையிலேயே தோட்டத்து ஆள் ஒருவர் இருக்க வேண்டும்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றா?

இல்லை. பிரதேச சபை நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. தலைமை தாங்கும் தவிசாளரும் உறுப்பினர்களும் இருப்பார்கள். நகரங்களில் அதுவே நகர சபை, மாநகர சபை. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகம். கிராம உத்தியோகத்தர் அதன் ஆள். அடையாள அட்டை விண்ணப்பம், நிவாரணம், காணி எல்லாம் அங்கே. குடிபெயர்வு பற்றிய பதிவுகளில் பாதிக்கு மேல் செயலகத்தில்தான் இருக்கும். அதனால் கூட்டில் பிரதேச செயலாளரையும் உட்கார வைக்காவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

தோட்டத்துக்குள் பிரதேச சபை எதுவும் செய்ய முடியாது என்று சொல்கிறார்களே?

இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், கோபத்தோடும் கேட்கிறார்கள். கோபத்துக்கு நியாயம் இருக்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவின் வாசகம், சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவழிக்கத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகக்கூட வரலாம். ஆனால் தவிசாளர் தான் பிறந்த லயத்துக்குப் போகிற பாதையில் ஒரு வண்டி கல் கொட்டினால் கணக்காய்வில் கேள்வி வரும். இப்படி முப்பது வருஷம் ஓடியது. பக்கத்துக் கிராமத்துக்குக் கொங்கிரீட் ரோடு வந்தபோது தோட்டத்தில் ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் கேட்டால், "நாம தோட்டம்" என்பதுதான் பதிலாக இருந்தது. ஒரு சட்ட வாசகம் ஒரு சனத்தைத் தன் ஊரிலேயே வெளியாளாக வைத்திருந்தது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது சபை தோட்டக் குடியிருப்புகளுக்கும் தன் நிதியைச் செலவிடலாம். அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிந்தன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. சபை மக்களுக்குக் கொஞ்சம் கிட்ட வந்தது.

ஆனால் சட்டம் திருந்தியது எல்லோருக்கும் தெரியாது. சில அலுவலகங்களில் பழைய பதிலே இன்னும் பழக்கமாக வருகிறது. காணி அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம் என்ற சிக்கலும் இருக்கிறது. எந்தப் பாதை யாருடையது, எதற்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக எழுதி, வரைபடத்தில் குறித்துச் சபையின் கையில் கொடுக்கும் வேலையைச் சட்டம், புவியியல் படிக்கிற மாணவர்கள் ஒரு வருஷத்தில் செய்துவிடுவார்கள். பெரிய மாநாடுகளைவிட அந்தக் கோப்பு பயன்படும்.

குடிபெயர்வு பிரதேச சபையின் வேலையே இல்லை என்று ஒரு செயலாளர் சொன்னார். சரியா?

சட்டத்தில் "குடிபெயர்வு" என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காதுதான். ஆனால் பொதுச் சுகாதாரம், பொது வசதிகள், பாதைகள் ஆகியவற்றோடு மக்களின் வசதியும் நலனும் சபையின் பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. ஊரை விட்டுப் போன தாயின் பிள்ளைக்கு மாலையில் உட்கார்ந்து படிக்க நூலகத்தில் ஒரு மேசை போடுவது நலன் இல்லையா? நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் என்று சபைக்குக் குழுக்கள் இருக்கின்றன. உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் ஆலோசனைக் குழுவில் சேர்க்கலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.

எந்தப் பல்கலைக்கழகங்களை நாடலாம்?

மலைநாட்டிலேயே மூன்று இருக்கின்றன. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. தமிழ், சமூகவியல், புவியியல் துறைகளோடு மருத்துவ பீடமும் விவசாய பீடமும் அங்கே உண்டு. பதுளையில் 2005இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ. பல்கலைக்கழகம் என்று சொல்ல முடியாவிட்டாலும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியை விட்டுவிடாதீர்கள். அங்கே படித்த ஆசிரியர்கள் இன்று தோட்டப் பாடசாலை எங்கும் இருக்கிறார்கள். எந்த வீட்டில் அம்மா இல்லை, எந்தப் பிள்ளை வருவதில்லை என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

மலையகத்துக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை எனக்கும் உண்டு. அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆய்வு என்று வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள், திரும்பி வருவதே இல்லை. மறுபடி ஏன் பேச வேண்டும்?

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் ஒவ்வொரு தடவையும் தலை குனிகிறேன், ஏனென்றால் அப்படி வந்து போனவர்களோடு நானும் வந்திருக்கிறேன்.

ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அக்கா, கூடையை இறக்காமலே நின்று முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். சம்பளம், கடன், கக்கூசு, வீட்டுக்காரரின் குடி, மகளின் வெளிநாட்டுப் பயணம். கடைசியில், "இத எழுதி என்ன செய்வீங்க?" என்று கேட்டார். குழுவின் தலைவர், அறிக்கை வரும் என்றார். அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் வெளியிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அதே லயத்துக்கு வேறொரு குழுவோடு போனபோது அந்த அக்கா என்னை அடையாளம் கண்டு, "போன தடவை சொன்னதுதான், ஒன்னும் மாறல. அதப் பாத்தே எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நியாயம்தானே.

ஆகவே, கூட்டு ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது ஒரு வரியைத்தான்: முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும், கேட்ட இடத்திலேயே, இத்தனை மாதத்துக்குள் சொல்லிக் காட்டுவோம் என்று இருக்கிறதா? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போதும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்துக்கு நீங்கள் "பேச மாட்டோம்" என்று சொன்னால் அது உங்கள் உரிமை. ஆய்வு நெறிமுறைப்படி, பதில் சொல்ல மறுப்பதாலும் இடையில் எழுந்து போவதாலும் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிரதேச சபையும் அரச பல்கலைக்கழகமும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. "எங்கள் தோட்டத்தில் சபையோடு சேர்ந்து செய்த ஆய்வின் அறிக்கை வேண்டும்" என்று அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வெளிநாடுகளில் இப்படிச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில், ஐரோப்பிய கவுன்சில் 2008இல் "பண்பாடுகளுக்கிடையிலான நகரங்கள்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. சேருகிற நகரம் ஒரு நீண்ட கேள்விப் பட்டியலுக்குப் பதில் சொல்ல வேண்டும்: பாடசாலையில் பிள்ளைகள் கலந்து படிக்கிறார்களா, சேவைகள் எல்லோருக்கும் எட்டுகின்றனவா, ஊழியர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்களா என்றெல்லாம். பார்சிலோனா 2010இல் வதந்திகளுக்கு எதிராகவே ஒரு வேலைத்திட்டம் தொடங்கியது. வந்தேறிகளைப் பற்றி ஊரில் உலவும் கதைகளைத் திரட்டி, உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டு, சாதாரண மக்களுக்கே பயிற்சி கொடுத்து, கடையிலும் பஸ்ஸிலும் பதில் சொல்ல வைத்தார்கள்.

இது நமக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். "தோட்டத்து ஆட்கள் வரி கட்டுவதில்லை, ரோடு மட்டும் கேட்கிறார்கள்" என்று கீழே கிராமத்தில் ஒரு கதை. "வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நம்ம காணியில் குடியேற்றப் போறாங்க" என்று மேலே தோட்டத்தில் ஒரு கதை. இரண்டையும் கணக்கு வைத்து அவிழ்க்கலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது நெதர்லாந்தில் 1970களில் பல்கலைக்கழகங்கள் திறந்த "அறிவியல் கடை". ஆய்வுக்குப் பணம் கொடுக்க முடியாத ஊர்ச் சங்கங்கள் தங்கள் கேள்வியைக் கொண்டுபோய் அங்கே கொடுக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் அதை ஆராய்ந்து பதில் தருவார்கள். கேள்வி சனத்திடமிருந்து வருகிறது, அதுதான் முக்கியம். ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படி ஓர் அறை இருந்தால் சனிக்கிழமைகளில் வரிசை நிற்கும்.

ஐரோப்பாவில் வேறு நாட்டிலிருந்து நேற்று வந்தவர்களுக்காகச் செய்வதை, இங்கேயே பிறந்து இங்கேயே மண்ணாகிப்போனவர்களின் பிள்ளைகளுக்கு அப்படியே போட முடியாது. நம்மை "புதிதாக வந்தவர்" கட்டத்தில் போடுகிற படிவம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒருங்கிணைப்பு என்றால் எங்களைச் சிங்களவர்களாக மாற்றுவதா?

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததைப் பார்த்தவர்கள் நம் தாத்தாக்கள். அதனால் தெளிவாகவே சொல்கிறேன்: ஒரு பக்கம் மட்டும் மாறுவதற்குப் பெயர் கரைதல். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து கொடுத்து, யாரும் தன் மொழியையும் சாமியையும் விடாமல் ஒரே ஊராக வாழ்வதைத்தான் பண்பாடுகளுக்கிடையிலான ஒருங்கிணைப்பு என்கிறோம்.

ஏற்கெனவே நடப்பதைப் பாருங்கள். சிவனொளிபாத மலைப் பருவத்தில், டிசம்பரிலிருந்து வெசாக் வரை, நல்லதண்ணியில் தேநீர்க் கடை வைத்திருக்கிற நம் ஆள், தென் மாகாணத்திலிருந்து வரும் யாத்திரிகரோடு சிங்களத்தில் பேசி, கம்பளித் தொப்பி விற்று, இரவில் இடமும் கொடுக்கிறார். தேர்த் திருவிழாவுக்குப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள் தேங்காயும் கையுமாக வருகின்றன. கம்பளையிலும் ஹட்டனிலும் முஸ்லிம் கடைக்காரர் தோட்டத்துக் குடும்பத்தின் கடன் கொப்பியை இரண்டு தலைமுறையாக வைத்திருக்கிறார்.

ஆனால் இதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. அடியில் ஒரு பழைய காயம் இருக்கிறது, அது இரண்டு பக்கமும் இருக்கிறது. 1840இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டியக் கிராமத்து மக்களின் காடும், காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனை நிலமும் கோப்பித் தோட்டமாகிப் போயின. அந்தக் கோபத்தைக் காணியை எடுத்தவன்மேல் காட்ட முடியாமல், அதில் வேலைக்குக் கொண்டுவரப்பட்டவன்மேல் காட்டினார்கள். நம் பக்கமோ, காடு வெட்டி மலையை உருவாக்கியவர்கள் நாங்கள், எங்களுக்கு ஒரு வீடு கட்ட ஏழு பேர்ச் துண்டுக் காணிக்கே இத்தனை பாடா என்று குமுறுகிறது. இரண்டு கதையும் உண்மை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, இரண்டு மொழியிலும் பேச வைக்கிற இடம் சபை நூலகமாக இருக்கலாம். ஆவணத்தைக் கொண்டுவருவது பல்கலைக்கழகமாக இருக்கலாம். ஒரு கிராமத்துப் பெரியவரும் ஒரு தோட்டத்துத் தலைவரும் இந்தக் கதையைப் பேசிக்கொண்டதை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். கிராமத்துப் பெரியவர், தன் பாட்டனின் சேனை எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய மேட்டில் இன்று நம் ஆட்களின் லயம் நிற்கிறது. தலைவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் குடிதண்ணீர்க் குழாய் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

சபையில் எல்லாம் சிங்களத்தில் இருக்கிறது. முதலில் அதைச் சரி செய்ய முடியாதா?

முதலில் செய்ய வேண்டியதே அதுதான். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; நிர்வாகத்தில் அது எப்படி நடக்க வேண்டும் என்று 1988இல் 16ஆம் திருத்தம் விரித்துச் சொன்னது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

ஆனால் படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. சிறு கடை போட உரிமப் பத்திரம் கேட்டு வந்த ஒரு அம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி. சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலும் குழப்பம். அவர் மூன்று தடவை வேலையை விட்டுவிட்டு வந்தார், மூன்று நாள் பேர் (நாட்கூலி) போனது. கவுண்டரில் இருந்தவர் கெட்டவர் இல்லை, அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். மொழித்துறை மாணவர்கள் மாறி மாறி வாரத்துக்கு இரண்டு நாள் சபை வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் இது அரை மணி நேர வேலை. எந்தப் படிவத்தில் எத்தனை பேர் தடுக்கி விழுகிறார்கள் என்று அவர்கள் எழுதி வைத்தால் அதுவே ஆய்வு. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அம்மா வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு இந்தக் கூட்டு என்ன செய்யும்?

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இலிருந்து இருக்கிறது. 2013இல், சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் போவதைக் கட்டுப்படுத்தக் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள். நல்ல நோக்கம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும்போது தடை போட்டால் ஆள் நிற்பதில்லை, ஏஜென்சிக்காரன் காட்டுகிற வேறு வழியில் போகிறார். வீட்டில் இருக்கிற பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை.

பதில் ஊரில்தான் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) எத்தனை மணிக்கு மூடுகிறது, பாட்டிக்குக் கண் தெரிகிறதா, வங்கிக்கு யார் போகிறார்கள், அம்மாவோடு பேசப் போனில் சிக்னல் கிடைக்கிற இடம் எது என்று பாருங்கள். ஒரு லயத்தில் அந்த இடம் மேல் கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, போகிற பாதையில் ஒரு பாறை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் அதன்மேல் ஏறி நிற்பார்கள். மழை பெய்தால் அந்தக் கிழமை அம்மா இல்லை. அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு கூரையும் ஒரு விளக்கும் போடச் சபையால் முடியும். அது தேவை என்று யாராவது எழுதிக் கொடுத்தால்.

உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு தோட்டத்துப் பெண்கள் உறுப்பினர்களாக வந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தைக் கொண்டுபோவதாக இருந்தால் முதலில் அவர்களிடம் கொண்டுபோங்கள்.

கொழும்புக்குப் போன பிள்ளைகள்?

அவர்களைச் சேர்க்கக் கொழும்பு மாநகர சபையோடும் வத்தளை, கட்டுநாயக்கப் பக்கச் சபைகளோடும் பேச வேண்டும். போன ஊரில் வாடகை அறை, விட்டு வந்த ஊரில் வாக்கு என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இரண்டு சபையும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்கிற மூன்று முனைக் கூட்டு இதற்குச் சரியாக இருக்கும்.

மண்சரிவுக்குப் பிறகு வேறு இடத்தில் வீடு கொடுத்தார்கள். அதுவும் இதற்குள் வருமா?

கட்டாயம் வரும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. எந்தச் சரிவு ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவிடும். புதிய இடத்தில் பாடசாலை எவ்வளவு தூரம், வேலைக்கு எப்படிப் போவது, பக்கத்து ஊர் ஏற்றுக்கொள்கிறதா, கோயில் எங்கே என்பதை அது சொல்லாது. வீட்டுச் சாவியைக் கொடுத்த நாளோடு கோப்பு மூடப்படுகிறது. ஒரு வருஷம், மூன்று வருஷம் கழித்துப் போய்க் கேட்கிற பொறுமை பல்கலைக்கழகத்துக்கு இருக்க வேண்டும். பழைய லயத்துக்கே திரும்பிப் போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று அதட்டாமல் கேட்க வேண்டும்.

நாங்கள் சொல்வது தோட்டத்தின் மனேஜரான துரைக்குப் போகாதா?

போகக் கூடாது. பெயரும் லய இலக்கமும் தனித் தாளில், பதில்கள் தனித் தாளில் இருக்க வேண்டும். பேட்டி எடுக்கும்போது தோட்டத்து ஸ்டாப் (நிர்வாக ஊழியர்) யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. சபைக்குப் போவது தொகுத்த கணக்கு மட்டும். யார் என்ன சொன்னார் என்பது போகாது. சிறிய டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) என்றால் வயதையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதையும் மறைக்கச் சொல்லுங்கள். கம்பனியின் அனுமதி தோட்டத்துக்குள் நுழைவதற்குத் தேவைப்படலாம். கேள்வித்தாளைத் திருத்தும் உரிமை அதற்குக் கிடையாது.

செலவு யாருடையது?

பெரிதாக ஒன்றும் இல்லை. மாணவர்கள் எப்படியும் களவேலை செய்ய வேண்டும்; பஸ் காசு, சாப்பாடு, அச்சுச் செலவுதான். சபை வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி போட்டால் போதும். வெளிநாட்டு நன்கொடை வந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பினால் திட்டம் முடிகிற மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தவிசாளர் மாறினால்?

அதனால்தான் தவிசாளரோடு மட்டும் ஒப்பந்தம் செய்யக் கூடாது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் தெரிவான ஆள் யாருமே இல்லை. சபைத் தீர்மானமாக நிறைவேற்றி, செயலாளர் கையொப்பமிட்டு, பல்கலைக்கழகப் பேரவையின் ஒப்புதலோடு இருந்தால்தான் இப்படிப்பட்ட இடைவெளியைத் தாண்டும்.

சரி, எங்கள் தோட்டத்தில் இருந்து இதை எப்படி ஆரம்பிப்பது?

முதலில் கேள்வியைத் தேடுங்கள். மாதர் சங்கம், இளைஞர் கழகம், கோயில் கமிட்டி எதுவாக இருந்தாலும் சரி, உட்கார்ந்து பேசி ஒரே ஒரு கேள்வியைத் தெரிவு செய்யுங்கள். "எங்கள் டிவிசனில் தாய் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், பாடசாலையை விட்டவர்கள் எத்தனை பேர்?" மாதிரி எண்ணக்கூடிய கேள்வியாக இருக்கட்டும்.

பிறகு ஒரு பக்கக் கடிதம், தமிழில். சபைத் தவிசாளருக்கு ஒன்று, செயலாளருக்குப் பிரதி, பல்கலைக்கழகத்தின் துறைத் தலைவருக்கு ஒன்று. கேள்வியை எழுதி, "இதைச் சபையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து, முடிவை எங்கள் தோட்டத்துக்கே வந்து சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். தோட்டத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளை யாராவது விடுமுறைக்கு வந்திருந்தால் அவரை எழுதச் சொல்லுங்கள். எந்த விரிவுரையாளரிடம் கொடுத்தால் வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதில் வருவதற்குத் தோட்ட அலுவலகத்தின் விலாசத்தைக் கொடுக்காதீர்கள். அங்கே கடிதம் நாள் கணக்கில் கிடந்து, பல்கலைக்கழக அனுமதிக் கடிதமே பிந்திப் போன கதைகள் நமக்குத் தெரியும். பாடசாலை விலாசமோ டவுனில் தெரிந்த கடையின் விலாசமோ கொடுத்து, போன் நம்பரையும் எழுதுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றால், நாளைக்கும் போங்கள்.